தீ வைக்கறது நல்லதுன்னு டிக் பண்றாங்க, ஆனா வைக்க மாட்டேங்கறாங்க. ஏன்? (நெப்ராஸ்கா ராஞ்சர் ஸர்வே)

மேய்ச்சல்காரன்:
வணக்கம் மக்களே. நெப்ராஸ்கால மாஸ்டர்ஸ் பண்றேன், சோஷியல் சயின்ஸ்தான், ஆனா ஆராய்ச்சி மாடு வளர்க்கறவங்க மேல (மாடு பாக்கவா அமெரிக்கா போனேன்னு வீட்ல ஒரே சிரிப்பு). இங்க ஈஸ்டர்ன் ரெட்சிடார்னு ஒரு மரம், இந்த ஊர் மரம்தான். முன்ன பூர்வகுடிகள் வைக்கற தீயும் இடி விழுந்து வர்ற தீயும் அடிக்கடி வந்து செடியா இருக்கறப்பவே பொசுக்கிடும், குடியேறினவங்க தீயை அணைக்க ஆரம்பிச்சப்புறம் புல்வெளி மேல ஏறிடுச்சு, அடர்ந்துட்டா அடியில புல்லே முளைக்காது. எரிச்சா மறுபடி துளிர்க்காது, அதனால சின்னதா இருக்கறப்ப தீ வைக்கறதுதான் மலிவான வழி. ஒருத்தர் ஒரு காரியத்தை ஏன் செய்வாங்கன்னு சொல்ற ஐசக் ஐசனோட 1991 தியரி இருக்குல்ல, மனப்பான்மை, சுத்தி இருக்கறவங்க என்ன நினைப்பாங்க, நம்மால முடியுமா, அத வெச்சுதான் கேள்வி போட்டேன். மனப்பான்மைல எல்லாரும் 5க்கு 4, 5. நிலத்துல போய் பாத்தா பாதிப் பேருக்கு மேல தீக்குச்சி கூட கிழிக்கல. எங்க சொதப்புறேன்?

ஒக்லஹோமா_வாசி:
தம்பி, நீ தீயைப் பத்தி கேட்டுட்டு இருக்க, மாடு வளர்க்கறவருக்கு அது புல்லு கணக்கு. தீ ஓடணும்னா காஞ்ச புல்லு நிக்கணும், புல்லு நிக்கணும்னா எரிக்கறதுக்கு முன்னாடியே அந்த நிலத்துல மாடு விடாம ஒரு சீசன் சும்மா போடணும். அந்த மாட்டை எங்க கொண்டு போய் மேய்க்கறது? ஒண்ணு வேற நிலம் குத்தகைக்குப் பிடிக்கணும், இல்ல பத்து மாட்டை விக்கணும். அப்புறம் காத்தும் ஈரப்பதமும் சரியா அமையற நாள் வசந்தத்துல விரல் விட்டு எண்ணிடலாம், பல பேருக்கு அதே நேரம்தான் கன்னு போடற சீசன், ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச்சோட கொட்டாய்ல நிக்கற ஆளுகிட்ட போய் தீயைப் பத்தி உங்க கருத்து என்னன்னு கேட்டா என்ன சொல்லுவார்? இன்னொண்ணு, தீ பக்கத்து நிலத்துக்குத் தாவினா கோர்ட்டு. புளோரிடாவுல 1990லயே இதுக்குன்னு சட்டம் போட்டாங்க, ஒழுங்கா பர்மிட் வாங்கி எரிச்சவருக்கு ஒரு பாதுகாப்பு இருக்கு. கான்சாஸ் ஃபிளிண்ட் ஹில்ஸ் புல்வெளிப் பக்கம் வசந்தம் வந்தாலே ஊரே எரிக்கும், அங்க எரிக்காதவன்தான் வித்தியாசமான ஆளு. உங்க மாநிலத்துலயே லோஸ் கேன்யன்ஸ்ல பக்கத்து பக்கத்து நிலத்துக்காரங்க சேர்ந்து, ஆளு, தண்ணி டேங்க், பிக்கப் எல்லாம் பகிர்ந்து எரிக்கறாங்க. ஸர்வே ஃபார்ம்ல தனி ஆளா ஒருத்தரக் கேட்டா இது எதுவும் தெரியாது.

செல்வி_ரா:
ஒண்ணு மட்டும் சொல்றேன். எத்தனை மாடு வெச்சிருக்கீங்கன்னு முதல் கேள்வியா போட்டிருந்தா தூக்கிடு. அங்க அது பேங்க் பேலன்ஸ் கேட்கற மாதிரி, அதுக்கப்புறம் அவங்க சொல்ற பதில் எல்லாம் மரியாதைக்குத்தான். நிலம் சொந்தமா, குத்தகையான்னும் பிரிச்சுப் பாரு, வருஷா வருஷம் புதுப்பிக்கற குத்தகைன்னா பத்து வருஷம் கழிச்சு வர்ற புல்லுக்கு எவன் மெனக்கெடுவான்? அப்புறம் இத்தனை வருஷமா காத்துத் தடுப்புக்குன்னு இதே ரெட்சிடார் கன்னை மலிவா வித்து நடச் சொன்னதே அரசாங்க அமைப்புங்கதான். அவங்களே இப்ப வெட்டச் சொன்னா பெரியவர் நம்புவாரா?

காங்கயத்தான்:
ஏனுங்க, இது எங்கூரு கொரங்காடு (வேலி போட்ட மேய்ச்சக்காடுங்க) கதையாட்டவே இருக்குதுங்க. கிளுவை வேலி போட்டு, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேல மரம், ஒரு காடு மேஞ்சதும் கடவை அடைச்சுட்டு அடுத்த காட்டுக்கு மாட்டை ஓட்டிருவோம். கொரங்காட்டைக் காப்பாத்தோணுமான்னு யாரைக் கேட்டாலும் ஆமாங்கன்னுதான் சொல்லுவாங்க. நான் வாயைப் பாக்க மாட்டனுங்க, வேலியைப் பாப்பேன். கிளுவை செத்த எடத்துல புதுசா குச்சி நட்டிருந்தா மனுசன் காட்டை வெச்சுக்கப் போறான்னு அர்த்தம். கல்லுக்காலு நட்டு கம்பி இழுத்துட்டான்னா அடுத்து சைட்டு போடற ஆளு கார்ல வருவான்.

மேய்ச்சல்காரன்:
காங்கயத்தான் அண்ணா, இது செம. இங்கயும் வேலி ஓரம்தான் ரெட்சிடார் முதல்ல வரும், பறவை கம்பில உக்காந்து விதையைப் போடும். முழங்கால் உயரச் செடியை யார் கத்திரிச்சு வெச்சிருக்காங்கன்னு நடந்து பாத்தாலே பாதி தெரிஞ்சுடும் போல. செல்வி அக்கா, மாட்டுக் கேள்விதான் என்னோட ரெண்டாவது கேள்வி 😭 கைடுகிட்ட பேசி மாத்தறேன். ஒக்லஹோமா அண்ணா, எரிக்கற நாள்ல ஆளு பத்தலன்னு ஒருத்தர் ஏற்கனவே சொல்லியிருந்தார், நான் நோட்ல எழுதிட்டு விட்டுட்டேன். இன்னைக்கு போன் பண்ணி நான் தண்ணி பம்பு பிடிக்க வரட்டுமான்னு கேட்டேன். காட்டன் சட்டை போட்டுட்டு வா, பாலியஸ்டர் உருகி ஒட்டிக்கும்னார்.