ரேக்கைத் தூக்குவதா, நக்கிளை மாற்றுவதா? பாஜா ஏடிவி முன்பக்கத் தகராறு

மூன்றாம்_வருஷம்: பாஜா எஸ்ஏஇ இந்தியா என்ற மாணவர் வண்டிப் போட்டிக்கு எங்கள் அணி கட்டும் ஏடிவியில் (கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டி) முன்பக்கம் டபுள் விஷ்போன் (மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள் சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு), ரேக் (ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடவலமாக நகரும் பல்தண்டு) ஆக்சிலுக்கு முன்னால். மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் கையைத் தட்டிவிடுகிறது. நேற்று ஷாக்கைக் கழற்றி, கீழ் ஆர்முக்கு ஜாக்கி கொடுத்து, ஹப்பில் பிளைவுட் பலகையை போல்ட் போட்டு அளந்தோம். சக்கரம் 100 மி.மீ. மேலே போனால் 1.5 டிகிரி டோ-இன் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே திரும்புவது). 100 மி.மீ. கீழே தொங்கினால் 1.3 டிகிரி, அதுவும் டோ-இன்தான். டை ராட் (ரேக்கை நக்கிள் ஆர்முடன் இணைக்கும் கம்பி) 300 மி.மீ., நக்கிள் (சக்கரத்தைத் தாங்கி, அதோடு திரும்பும் பாகம்) ஆர்ம் 75 மி.மீ. ரேக்கை 25 மி.மீ. தூக்கி வெல்ட் வைக்கலாமா அண்ணா?

பழைய_கேப்டன்: தூக்குங்கள். எங்கள் வண்டியிலும் இதே தொல்லை, ரேக்கை ஏற்றினோம், போயே போச்சு. டெக் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் நக்கிளில் கை வைக்காதீர்கள்.

லேத்_பட்டறை: கேப்டன், உங்கள் வண்டியில் மேலே ஒரு பக்கமும் கீழே எதிர்ப்பக்கமும் திரும்பியிருக்கும். அது உயரக் கோளாறு. தம்பி வண்டியில் இரண்டு முனையிலும் டோ-இன். அப்படியானால் உயரம் ஏறத்தாழ சரி, டை ராட்தான் குட்டை. இதில் 25 மி.மீ. தூக்கினால் டை ராட் சாய்ந்து நிற்கும். சக்கரம் 100 மி.மீ. ஏறும்போது அந்தச் சாய்வு நுனியை 8 மி.மீ. வெளியே தள்ளும்; குட்டை டை ராட் உள்ளே இழுக்கும் 2 மி.மீ.யைக் கழித்தாலும் 6 மி.மீ. 75 மி.மீ. ஆர்மில் அது 4.5 டிகிரிக்கு மேல். ஒன்றரையைச் சரிசெய்யப் போய் நாலரையை வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

பழைய_கேப்டன்: கணக்கு இருக்கட்டும். 4 மணி நேர எண்டியூரன்ஸ் ஓட்டத்தில் டை ராட் எண்டு உடைந்துதான் வண்டிகள் நிற்கின்றன. சேற்றில் ஒன்றரை டிகிரியை எந்த டிரைவர் கண்டுபிடித்தான்? ஸ்பிரிங்கை இறுக்குங்கள், டிராவல் (சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம்) குறையும், டோவும் குறையும்.

லேத்_பட்டறை: டிராவலைக் குறைத்தால் பாறையில் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். அப்புறம் டபுள் விஷ்போன் எதற்கு? தம்பி, மேல் கீழ் ஆர்ம்களின் சேசிஸ் பிவட்டுகளை (ஆர்ம்கள் வண்டிச் சட்டத்தில் மாட்டியிருக்கும் அச்சுகளை) ஒரு நூலால் இணைத்துப் பார். ரேக் முனை அந்த நூலுக்கு எவ்வளவு வெளியே நிற்கிறது?

மூன்றாம்_வருஷம்: ஒவ்வொரு பக்கமும் 40 மி.மீ. வெளியே அண்ணா. பழைய இரும்புக் கடையில் வாங்கிய கார் ரேக், நீளத்தைக் குறைக்காமல் அப்படியே மாட்டிவிட்டோம்.

லேத்_பட்டறை: அதேதான். டை ராட் 340 இருக்க வேண்டிய இடத்தில் 300.

சிமுலேஷன்_அக்கா: ரேக்கைத் தொடாமல் ஒரு வழி உண்டு. டை ராட்டின் வெளிநுனியை நக்கிளில் வெளிப்பக்கம் தள்ளினாலும் நீளம் கூடும். ரேக் முன்னால் இருப்பதால் ஆக்கர்மேனும் (திருப்பத்தில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகம் திரும்புவது) கிடைக்கும். வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையே உள்ள தூரம்), கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சு) இடைவெளி எவ்வளவு?

மூன்றாம்_வருஷம்: 1400, 1100 மி.மீ. நக்கிள் ஆர்ம் இப்போது நேராக முன்னால் நீட்டியிருக்கிறது.

சிமுலேஷன்_அக்கா: அப்படியானால் முழு ஆக்கர்மேனுக்கு 29 மி.மீ. வெளியே போக வேண்டும். இப்போது இருப்பது பூஜ்யம். திருப்பத்தில் முன்சக்கரம் தேய்த்துக்கொண்டு போகுமே, அதற்கு இதுதான் காரணம்.

பழைய_கேப்டன்: ஆர்மைச் சூடாக்கி வளைக்கப் போகிறீர்களா? ஸ்டியரிங் ஆர்ம் ஓடும்போது ஒடிந்தால் டிரைவரின் கதி?

சிமுலேஷன்_அக்கா: யார் வளைக்கச் சொன்னது? புது ஆர்மை மில்லிங்கில் வெட்டி, இரண்டு போல்ட்டில் மாட்டுவது. சூடு காட்டுவதற்கு நானும் எதிரிதான்.

மூன்றாம்_வருஷம்: இப்போது ரிம்முக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். 10 அங்குல ரிம். டை ராட் எண்டின் நட்டுக்கு இடம் விட்டால் 15 மி.மீ.தான் தள்ள முடியும், அதற்கு மேல் முழுத் திருப்பத்தில் இடிக்கும்.

லேத்_பட்டறை: 15 தள்ளினால் டை ராட் 315. டோ மாற்றம் 1.5இலிருந்து 0.9க்கு இறங்கும், ஆக்கர்மேன் பாதி வரும். 340க்கு ஒவ்வொரு பக்கமும் மீதி 25; அதற்கு முனை இடைவெளி மொத்தம் 50 மி.மீ. குறைந்த ரேக் தேடு. ரேக் முனையில் பிளேட் வைத்து பால் ஜாயிண்ட்டை உள்ளே இழுக்கும் வேலை மட்டும் வேண்டாம், ரேக் வளைந்துவிடும்.

பழைய_கேப்டன்: சரி, உயர விஷயத்தில் நான் அவசரப்பட்டேன். ஆனால் புது ஆர்ம் போட்டதும் 0.9 வருகிறதா என்று அதே பிளைவுட்டில் அளந்து இங்கே போடு தம்பி. வந்தால்தான் நம்புவேன்.