108 வண்டியில் வருகிறவர்கள் எல்லாம் டிரைவர்களா?

பொருநைக்கரையான்:
நான்குவழிச்சாலை விபத்து பற்றிய உரையாடல் இழையில் பாளைவாசி அண்ணாச்சி, "108-இல் வருகிற இருவருமே டிரைவர்கள்தாம், ஒருவர் ஓட்டுகிறார், மற்றவர் கதவைத் திறக்கிறார், 50 நாள் பயிற்சிக்கு மருத்துவப் பெயர் எதற்கு?" என்று எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் இந்தச் சேவை 2008-இல் தொடங்கியது முதல் வண்டியில் ஓட்டுபவர் பைலட், பின்னால் நோயாளியோடு இருப்பவர் இ.எம்.டி., அதாவது அவசரகால மருத்துவ உதவியாளர். பாபநாசத்து மலைப்பாதையில் வண்டிக்குள்ளேயே பிரசவம் பார்த்துத் தொப்புள்கொடியை வெட்டுவதும், கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுக் குளுக்கோஸ் ஏற்றுவதும், களக்காட்டு வாழைத்தோட்டத்தில் பாம்பு கடித்தவரின் காலை அசையாமல் கட்டி, மூச்சைக் கவனித்தபடியே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் கதவு திறக்கிற வேலையா? இ.எம்.டி.களான நாங்கள் வெறும் டிரைவர்கள் அல்லர்.

பாளைவாசி:
நீளமாக எழுதிவிட்டீர்கள், கேட்டதற்கு விடையைக் காணோம். பயிற்சி 50 நாளா, இல்லையா?

பொருநைக்கரையான்:
50 நாள்தான். ஆனால் அது பள்ளிக்கூட வாசலிலிருந்து நேராக வந்தவருக்குக் கொடுக்கிற 50 நாள் அன்று. பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். ஆகிய செவிலியர் படிப்புகள், டி.எம்.எல்.டி. என்னும் மருத்துவ ஆய்வகப் படிப்பு என்று ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் படித்து வந்தவருக்கு, வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் வண்டியிலுமாகக் கொடுக்கப்படுவது. முன்னால் இருக்கும் படிப்பை மறைத்துவிட்டு 50-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது உங்களுக்குப் பழக்கம்தான். தனியார் ஆம்புலன்ஸ் கட்டண இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

பாளைவாசி:
விலங்கியல், தாவரவியல் படித்தவர்களையும் இதே வேலைக்கு எடுக்கிறார்கள் என்பதை மட்டும் பட்டியலிலிருந்து நைசாக விட்டுவிட்டீர்களே, தம்பி. கல்லூரியில் தவளையை அறுத்தவர் 50 நாளில் மனிதருக்கு ஊசி போடுகிறார் என்பதை நீங்களே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அவசரப்பட்டதாரி:
இருவருமே விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அவசர மருத்துவத் தொழில்நுட்பரைத் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது; அந்தச் சட்டப்படி ஒருவர் துணை மருத்துவப் பணியாளர் எனப்பட, குறைந்தது 2000 மணி நேரப் படிப்பு வேண்டும். நாளைக்கு 8 மணி நேரம் என்றாலும் 50 நாளுக்கு 400 மணி நேரமே தேறும். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்றாண்டு விபத்து, அவசரச் சிகிச்சைப் படிப்பும், அதன்மேல் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் முடித்த என்னைப் போன்றோர் வேலைக்கு அலையும்போது, 50 நாள்காரர்கள் தோளில் பட்டை குத்திக்கொண்டு பாராமெடிக், அதாவது துணை மருத்துவப் பணியாளர், என்று திரிவது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

பொருநைக்கரையான்:
பாராமெடிக் என்ற சொல்லை நான் எங்கே எழுதினேன்? மேலே போய்த் தேடிப் பாருங்கள். போன மாதம் எங்களை அப்படி அழைத்துப் பாராட்டியவரே நீங்கள்தாம். அப்போது இனித்தது இப்போது கசக்கிறது என்றால், காரணம் சட்டம் அன்று, உங்களுக்குக் கிடைக்காத வேலை.

நாங்குநேரி பைலட்:
அண்ணாச்சிமார் மூவருக்கும் வணக்கம். "வெறும் டிரைவர்கள் அல்லர்" என்று முதல் பதிவில் இருக்கிறதே, அந்த வெறும் யார்? மூன்றாண்டு உரிமமும் பேட்ஜும் வைத்துக்கொண்டு, 12 மணி நேரப் பணியில் ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைத் தூக்குகிறவன் நான். படிக்கட்டு வீட்டின் மாடியிலிருந்து ஆளை இறக்கும்போது உங்கள் பட்டம் தூக்குவதில்லை, என் தோள்தான் தூக்குகிறது.

பாளைவாசி:
பைலட்டாமே! எனக்குத் தெரிந்த பைலட்டுகள் வாகைக்குளம் விமான நிலையத்தில்தான் இறங்குகிறார்கள்.

நாங்குநேரி பைலட்:
திட்டுங்கள், சிரியுங்கள். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகும் ஜங்ஷன் பக்கம் எனக்கு வழிவிடாமல் நிற்கிற கார்க்காரர்களுக்கு நான் டிரைவரா பைலட்டா என்ற கவலையே கிடையாது.

வள்ளியூர் செவிலி:
பிரித்தானியாவில் பாராமெடிக் என்பது சட்டப் பாதுகாப்புப் பெற்ற பெயர். உரிய மன்றத்தில் பதிவு செய்யாதவர் அதைப் போட்டுக்கொண்டால் குற்றம். இங்கும் பதிவேடு முறையாக நடைமுறைக்கு வந்தால் இந்தச் சண்டைக்கே இடமிருக்காது.

பொருநைக்கரையான்:
அக்கா, அங்கேயும் அவர்களை ஆம்புலன்ஸ் டிரைவர் என்று அழைத்தால் கோபம் வருகிறதாம்; ஆகவே பதிவேடு வந்தாலும் பாளைவாசி அண்ணாச்சிகள் இருந்தே தீருவார்கள். இன்னொன்று. நோயாளியின் பெயர், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், கொடுத்த மருந்து எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டு ஒப்படைக்கிறவர் நாங்கள்தாம். அதை வாங்குகிற மருத்துவர் ஒருவர், எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், படிவத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "டிரைவர், வண்டியை எடுங்க" என்றார். அந்த மருத்துவருக்கும் பாளைவாசிக்கும் ஒரே நோய்.

பாளைவாசி:
ஆக, 50 நாள் என்பதை யாரும் மறுக்கவில்லை.

பொருநைக்கரையான்:
யார் மறுத்தார்கள்? அந்த 400 மணி நேரக் கணக்குத்தான் தவறு. பயிற்சியில் இரவுப்பணியும் உண்டு. நாளைக்கு 12 மணி நேரம் வைத்தால் 600.

அவசரப்பட்டதாரி:
50 நாளும் இரவுப்பணியா? சரி, 600 என்றே வைத்துக்கொள்வோம். மீதி 1400 எங்கே?

நாங்குநேரி பைலட்:
நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் விடை சொல்லவில்லை.

பொருநைக்கரையான்:
பட்டதாரியாரே, நர்சிங் படித்தவரின் நான்கு ஆண்டுகளை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள், பிறகு 1400-ஐப் பார்ப்போம்.