ஏற்காடு மலைப்பாதை விபத்து: கொலுசுத் தொழிலாளியின் வலது கை, எந்த வக்கீலை வைப்பது?

சிவதாபுரம் செல்வி:
வணக்கம். என் தம்பிக்கு 34 வயசு. கொலுசுப் பட்டறையில் கூலி வேலை, மாசம் 15,000 வரும். கையில்தான் தருவாங்க, ரசீது கிடையாது. ஏற்காட்டிலிருந்து பைக்கில் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில், பஸ்ஸை முந்திக்கொண்டு ஏறி வந்த வேன் மோதிவிட்டது. வலது மணிக்கட்டிலும் முழங்கையிலும் பிளேட் வைத்திருக்கிறார்கள், மூன்று விரல் மடங்கவில்லை. எஃப்.ஐ.ஆர். வேன் டிரைவர் மேல்தான். நாலு மாசம் ஓடிவிட்டது. வைத்தியமெல்லாம் முடிந்தபிறகு கேஸ் போடலாம் என்கிறார் ஒருவர். ஆஸ்பத்திரிக்கே வந்த இன்னொருவர், கிடைப்பதில் 30 சதவீதம் தந்தால் செலவெல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சொந்தக்காரர்கள் சென்னையில் பெரிய சீனியரை வைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

அஸ்தம்பட்டி அட்வகேட்:
முதலில் நாள் கணக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 166(3)-ன்படி விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். 2019 திருத்தத்தில் வந்த இந்த விதி 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதை எதிர்த்த வழக்கில், காலம் கடந்ததென்று மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது உண்மைதான். ஆனால் இடைக்கால உத்தரவை நம்பிக் காத்திருக்காதீர்கள். உங்களுக்கு இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது, இந்த வாரமே எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) போட்டுவிடுங்கள். வைத்தியம் நடக்கும்போதே போடலாம். ஊனத்தின் அளவைச் சாட்சியத்தின்போது நிரூபித்தால் போதும். தம்பி குடியிருப்பதும் விபத்து நடந்ததும் சேலம் மாவட்டம் என்பதால் சேலம் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

சென்னை சீனியர் இப்போது தேவையில்லை. சீனியர் அட்வகேட் என்று ஐகோர்ட் அறிவித்தவர் தானாக வக்காலத்து போட முடியாது, கூட இன்னொரு வக்கீல் இருந்தாக வேண்டும். இங்கிலாந்தில் சொலிசிட்டர் கேஸைத் தயார் செய்ய, பாரிஸ்டர் நின்று வாதாடுகிற முறைக்கு இதுதான் நம்மிடம் கொஞ்சம் நெருக்கம். மற்றபடி இங்கே மனு எழுதுவதும் சாட்சியை விசாரிப்பதும் ஒரே வக்கீல்தான். தொகையைத் தீர்மானிப்பது சாட்சிக் கூண்டில் பதிவாகும் வார்த்தை. அங்கே விட்டதை மேல்முறையீட்டில் எந்தப் பெரிய வக்கீலாலும் சுலபத்தில் மீட்க முடியாது. தீர்ப்பு குறைவாக வந்தால் 90 நாளுக்குள் சென்னை ஐகோர்ட்டில் சி.எம்.ஏ. என்ற மேல்முறையீடு போடலாம், சீனியரை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. குறுகலான மலைப்பாதையில் இறங்குகிற வண்டி ஓரம் நின்று, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. இன்சூரன்ஸ் வக்கீல் இதைத்தான் பிடிப்பார். தம்பி மேலும் கவனக்குறைவு என்று சொல்லி 20, 30 சதவீதம் கழிக்கப் பார்ப்பார். அதனால் எஃப்.ஐ.ஆர். மட்டும் போதாது. விபத்து இடத்தைப் போலீஸ் வரைந்த ரஃப் ஸ்கெட்ச், அந்த இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை நான்கையும் வாங்குங்கள். மோதிய இடம் பைக் வந்த பக்கத்துச் சாலை ஓரத்துக்கு எவ்வளவு அருகில் என்று ஸ்கெட்ச்சில் இருக்கிறதா பாருங்கள். வேன் எதிர்ப்பக்கம் வந்து மோதியது தெரிந்தால் அந்த வாதம் நிற்காது. பஸ்ஸில் இருந்தவர் யாராவது சாட்சி சொல்ல வந்தால் இன்னும் நல்லது.

கிளெய்ம் கணக்கு:
அட்வகேட் சார் சொன்னதோடு தொகைக் கணக்கையும் பாருங்கள், பெரிய இழப்பு நடப்பது இங்கேதான்.

40 வயசுக்குக் கீழே உள்ள கூலித் தொழிலாளிக்கு எதிர்கால வருமான உயர்வு 40 சதவீதம் சேர்க்க வேண்டும் (உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி தீர்ப்பு, 2017). காயம்பட்டவருக்கும் இது பொருந்தும் என்று 2020-ல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் தெளிவாகிவிட்டது. 15,000 என்பது 21,000 ஆகிறது, வருடத்துக்கு 2,52,000. சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி 31 முதல் 35 வயசுக்குப் பெருக்கி (வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்ற எண்) 16. ஆக 40,32,000.

இதில் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்பதுதான் கேள்வி. டாக்டர் 40 சதவீத ஊனம் என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம், அதற்காக 40 என்றே எடுத்தால் 16,12,800. கொலுசு வேலைக்கு வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சின்ன வளையத்தைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையில் ஊதுகுழலைப் பிடித்துப் பற்றவைக்க வேண்டும். அது முடியாதென்று நிரூபித்து, தொழில் இழப்பு 70 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றால் 28,22,400. இரண்டையும் விட்டு, ஒரு சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று போட்டால் வெறும் 2 லட்சம்! அதே கை, அதே சர்டிஃபிகேட். தொழில் இழப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது 2011-ல் வெளியான ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு. உங்கள் வக்கீலிடம் இந்த ஒரு தீர்ப்பைப் பற்றிக் கேளுங்கள். எந்த மூன்று விரல், எதைப் பிடிக்க முடியவில்லை என்று அவர் திருப்பிக் கேட்டால் சரியான ஆள்.

வருமானத்துக்குப் பட்டறை முதலாளி எழுதித் தரும் சர்டிஃபிகேட் மட்டும் நிற்காது, அவர் கூலி நோட்டோடு கூண்டில் ஏற வேண்டும். நல வாரிய அட்டை இருந்தால் தொழிலை நிரூபிக்க உதவும். வைத்தியச் செலவு, போக்குவரத்து, துணைக்கு இருந்தவர் செலவு, பிளேட் எடுக்கும் ஆபரேஷனுக்கான மதிப்பீடு, வலி வேதனை எல்லாம் இதற்கு மேல் தனித் தனித் தலைப்பு. ஒரிஜினல் பில்களைப் பத்திரமாக வையுங்கள்.

சேலம் பாரா லீகல்:
அந்த 30 சதவீதக்காரரை விட்டுவிடுங்கள். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ், கிடைப்பதில் பங்கு இரண்டையும் பார் கவுன்சில் விதி 20 தடை செய்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் கேஸ் பிடிப்பதும் விதிமீறல்தான். கை உடைந்து படுத்திருப்பவனிடம் வந்து பேரம் பேசுகிறவரிடம் அவன் வாழ்க்கையை ஒப்படைக்காதீர்கள். வெற்று வக்காலத்து, வெற்று செக், ஏ.டி.எம். கார்டு எதையும் தர வேண்டாம். ஃபீஸை மனு, சாட்சியம், வாதம் என்று கட்டம் கட்டமாகப் பேசி ரசீது வாங்குங்கள். இழப்பீடு நேராக அதைப் பெற வேண்டியவரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பணம் இல்லையென்றால் அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மாற்றுத்திறனாளி என்ற தகுதி கிடைத்தால் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் தருவார்கள். லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) அழைத்தால் போகலாம், ஆனால் ஊனச் சான்று கைக்கு வருமுன் சம்மதிக்காதீர்கள். அங்கே கையெழுத்திட்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது.

சிவதாபுரம் செல்வி:
ஆபரேஷன் செய்த டாக்டர் கோர்ட்டுக்கு வர நேரமில்லை என்கிறார். வேறு டாக்டர் சர்டிஃபிகேட் தரத் தயாராக இருக்கிறார், வாங்கலாமா?

அஸ்தம்பட்டி அட்வகேட்:
வாங்காதீர்கள்மா. வைத்தியம் பார்க்காத டாக்டரின் ரெடிமேட் சர்டிஃபிகேட்டை ஏற்பதில் எச்சரிக்கை வேண்டும் என்று அதே ராஜ்குமார் தீர்ப்பே சொல்கிறது. குறுக்கு விசாரணையில் சதவீதம் பாதியாகிவிடும். ஆபரேஷன் செய்தவருக்கு சம்மன் அனுப்பலாம். அவருக்கு வசதியான நேரத்தில் அட்வகேட் கமிஷனரை (இதற்காகக் கோர்ட் நியமிக்கும் வக்கீல்) ஆஸ்பத்திரிக்கே அனுப்பிச் சாட்சியம் பதிவு செய்ய மனு போடலாம். அதுவும் நடக்காவிட்டால் அரசு மருத்துவக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி மனு. எந்த வழியானாலும் கேஸ் ஷீட்டையும் எக்ஸ்ரேயையும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைத்துவிடுங்கள். கையின் ஊனமும் முழு உடம்பின் ஊனமும் தனித்தனியாக எத்தனை சதவீதம் என்று டாக்டர் வாயால் பதிவாக வேண்டும்.