பழைய டிராக்டருக்கு வெளி ஹைட்ராலிக் பம்ப் போடலாமா?

கேள்வி (சாயல்குடி):
அப்பா ஓட்டிய 35 குதிரைத்திறன் வண்டி. மிளகாய்க் காட்டில் கலப்பையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்தால், ஒரு டீ குடிப்பதற்குள் கொழு மண்ணைத் தொட்டுவிடுகிறது. டிப்பர் டிரெய்லரும் மாட்ட வேண்டும். எண்ணெயை அழுத்தித் தள்ளும் தனி கியர் பம்ப்பை வெளியே போட்டால் இரண்டும் சரியாகுமா? விற்க மனமில்லை.

பதில் (தொண்டி):
தம்பி, எஞ்சின் அணைந்த பிறகு இறங்குவதற்குப் புது பம்ப் மருந்தில்லை. கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் சிலிண்டரில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீலையும் (seal) வால்வையும் பாருங்கள். மாஸி பெர்குசன் 35 போன்ற வண்டிகளில் பம்ப் பின்கூட்டுக்குள்ளேயே பி.டி.ஓ. தண்டில் (வெளிக் கருவிகளுக்கு எஞ்சின் விசையைக் கொடுக்கும் தண்டு) ஓடும், கியருக்கும் லிஃப்டுக்கும் ஒரே எண்ணெய். கொஞ்சம் வடித்துப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

பதில் (வாலிநோக்கம்):
டிப்பருக்குத் தனித் தொட்டியோடு கியர் பம்ப் போடுங்கள். டிரெய்லர் அழுக்கு கியர்பெட்டிக்குள் போகாது. அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு கட்டாயம். அப்புறம், டிப்பரைத் தூக்கியபடி இரவில் விடாதீர்கள். உப்பளத்தில் நான் அப்படி விட்டேன். பளபளவென்று இருந்த சிலிண்டர் ராடில் (தண்டில்) உப்புக்காற்று பட்டு மிளகளவு துருப்புள்ளிகள். அவை சீலை அறுத்து, எண்ணெய் முழுக்க மண்ணில் போனது.

சாயல்குடி:
வடித்துப் பார்த்தேன் அண்ணே, மோரேதான். நாளை எண்ணெயை மாற்றிவிட்டுச் சீலைப் பிரிக்கிறேன்.