சர்ச் சுவத்துல கச்சினா படம், எப்படி ஒத்துக்கிட்டாங்க?

கரித்துண்டு:
நியூ மெக்சிகோல ஸூனி பியூப்ளோன்னு பழங்குடி ஊர் ஒண்ணு இருக்குல்ல, அங்க குவாதலூப்பே மாதா சர்ச்சோட உள்பக்க போட்டோ ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. கீழ சிலுவைப்பாதை ஸ்தலம் (இயேசு சிலுவை சுமந்துபோன காட்சிங்க), அதுக்கு மேல சுவர் நீளத்துக்கும் ஆள் உயரத்துக்கு கச்சினாங்க, அதாவது ஊர்க்காரங்க முகமூடி போட்டு ஆடுற அவங்க தெய்வ ஆவிங்க, வரிசையா நிக்கிறாங்க! முகமூடி, கழுத்த சுத்தி பச்சை தழை, இடுப்புக்கு பின்னாடி தொங்குற நரித்தோல், இறகெல்லாம் ஒண்ணொண்ணா எண்ணிடலாம் போல. யார் வரஞ்சது? சாமியார் எப்படி விட்டாரு?

மண்சுவர்:
அலெக்ஸ் சியோடேவா, ஸூனிக்காரர்தான். சர்ச் முதல்ல 1629ல வந்தது, வெயில்ல காயவெச்ச பச்சைக்கல் (சுடாத மண்செங்கல்) கட்டடம், இடிஞ்சு கிடந்தத 1960கள்ல தோண்டி எடுத்து திரும்ப கட்டுனாங்க. இவர் 1970ல ஆரம்பிச்சு இருபது வருஷத்துக்கு மேல வரஞ்சாரு, பசங்களும் கூட சேந்துக்கிட்டாங்க. வடக்கு சுவர் குளிர்காலம், தெற்கு சுவர் கோடை. ஷலாகோன்னு ஒரு கச்சினா, பத்தடி உயரம், நீள மர அலகு டக்கு டக்குனு அடிச்சுக்கும், டிசம்பர் வாக்குல நெஜமாவே ஊருக்குள்ள வந்து புதுசா கட்டுன வீட்ட ஆசீர்வாதம் பண்ணி விடிய விடிய ஆடும். அத பாத்து வளந்த ஊரு இது. இறகு மாத்தி வரஞ்சா சின்னப் பையன்கூட கண்டுபிடிச்சிருவான், அதான் அவ்ளோ துல்லியம், ஸ்டைலுக்காக இல்ல.

கள்ளிச்செடி:
எல்லாரும் "ரெண்டு கலாச்சாரம் கைகோக்குது"ன்னு உருகுவாங்க, எனக்கு அப்படி தோணல. அங்க ஸ்பெயின் ஆட்சி நடந்தப்போ, 1661ல பிரான்சிஸ்கன் சபை கத்தோலிக்க சாமியாருங்க கச்சினா ஆட்டத்தயே தடை பண்ணி முகமூடிங்கள பிடுங்கி எரிச்சாங்க. 1680ல போப்பேன்னு ஒருத்தர் தலைமைல பியூப்ளோ ஊருங்க ஒண்ணா கிளம்பி ஸ்பெயின்காரன விரட்டி விட்டுச்சு, பன்னெண்டு வருஷம் கழிச்சுதான் அவன் திரும்பி வந்தான். எரிச்ச அதே முகம் இப்போ ஸ்தலத்துக்கு மேல நிக்குது. மேல, அத கவனிங்க.

கரித்துண்டு:
ஐயோ, அத யோசிக்கவே இல்ல பாஸ். நேர்ல போனா போட்டோ எடுக்கலாமா?

மண்சுவர்:
உள்ள கேமராவுக்கு தடை. சுவர்ல ஈரம் ஏறி படமும் அங்கங்க உதிர ஆரம்பிச்சிருச்சு, பச்சைக்கல்லு, தண்ணி பட்டா அவ்ளோதான். உங்க போட்டோ பழைய புக்குல இருந்து வந்ததா இருக்கும். போறதா இருந்தா சர்ச் திறந்திருக்கான்னு முதல்ல ஊர்ல கேட்டுட்டு கிளம்புங்க.