படத்துக்கு ஆல்ட், டைட்டில் ரெண்டுமே எழுதணுமா?

ஆற்காட்டான்:
ஆற்காட்டில் சித்தப்பாவுக்கு ஒரு சின்ன ஸ்வீட் கடை. மக்கன் பேடாதான் அங்கே ராஜா. சென்னையில் இருந்தெல்லாம் போனில் கேட்கிறார்கள் என்பதால் சைட்டை நானே புதிதாக எச்டிஎம்எல்லில் (வெப் பக்கம் எழுதும் கோடு) அடித்துக்கொண்டிருக்கிறேன், மொத்தம் 28 படம். முன்பு ஒருத்தர் செய்து கொடுத்த பழைய சைட்டைத் திறந்து பார்த்தால் எல்லாப் படத்துக்கும் கோடில் ஆல்ட் என்ற இடத்தில் "மக்கன் பேடா ஆற்காடு பெஸ்ட் மக்கன் பேடா வேலூர் ராணிப்பேட்டை ஸ்வீட்" என்று ஒரே வரி, டைட்டிலிலும் அதே வரி. கூகுளில் மேலே வரும் என்று சொன்னாராம், வந்தபாடில்லை. ரெண்டும் ஒன்றுதானா? ஒன்றை மட்டும் எழுதினால் போதாதா? மேலே பேனரில் எங்கள் ஊர்ப் பழைய கோட்டை வாசலான டெல்லி கேட் படம் வைத்திருக்கிறேன், அதற்கு என்ன எழுதுவது என்றே புரியவில்லை.

அகழிக்கரை:
ரெண்டும் வேறு தம்பி. ஆல்ட் என்பது படத்துக்குப் பதில் ஆள். நெட் மெதுவாகி படம் வராவிட்டால் அந்த இடத்தில் அதுதான் தெரியும், பார்வையில்லாதவர்களுக்குத் திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் படிக்கும், கூகுளும் படத்தில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ள அதைப் பார்க்கும். டைட்டில் என்பது மவுஸை மேலே வைத்தால் மஞ்சளாகவோ கறுப்பாகவோ எட்டிப் பார்க்குமே, அந்தச் சின்னப் பெட்டி. போனில் மவுஸ் ஏது? உங்கள் சித்தப்பாவின் கஸ்டமரில் முக்கால்வாசிப் பேர் போனில்தான் பார்ப்பார்கள், அவர்களுக்கு டைட்டில் இருப்பதே தெரியாது. கீபோர்டில் டேப் தட்டிப் போகிறவர்களுக்கும் அப்படித்தான். இந்தக் குழப்பம் எங்கே தொடங்கியது என்றால், பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஆல்ட்டையே அந்தப் பெட்டியில் காட்டும், அதைப் பார்த்துப் பழகிய தலைமுறை (நானும்தான்) ரெண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டது. 1999-இல் வந்த எச்டிஎம்எல் 4.01-லேயே ஆல்ட் கட்டாயம், டைட்டில் அன்றும் இன்றும் விருப்பம்தான்.

அந்த ஒரே வரியை எல்லா இடத்திலும் ஒட்டியதை முதலில் அழியுங்கள். இப்படி வார்த்தைகளை அள்ளிக் கொட்டினால் ஸ்பேமாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

டெல்லி கேட் விஷயம். ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் கிளைவ் 1751-இல் ஆற்காட்டில் முற்றுகைக்குள் இருந்த கதையை எழுதும் பக்கமாக இருந்தால் அந்த வாசலை விவரித்து எழுத வேண்டும். ஸ்வீட் கடைப் பக்கத்தில் அது வெறும் அலங்காரம். ஆல்ட் என்று போட்டு, சமக்குறி, ரெண்டு மேற்கோள் குறி, நடுவில் ஸ்பேஸ்கூட வேண்டாம். ரீடர் சத்தமில்லாமல் தாண்டிவிடும். அதற்காக ஆல்ட்டையே எழுதாமல் விட்டுவிடாதீர்கள், காலியாக விடுவது வேறு, இல்லாமலே விடுவது வேறு.

ஆற்காட்டான்:
இல்லாமல் விட்டால் என்ன ஆகும் அண்ணா?

காட்பாடி ஜங்ஷன்:
அதை நான் சொல்கிறேன். எனக்குப் பார்வை கிடையாது, கம்ப்யூட்டரில் என்விடிஏ, போனில் டாக்பேக், ரெண்டும் ஸ்கிரீன் ரீடர்தான். ஆல்ட் இல்லாத படம் லிங்க்காகவும் இருந்தால் பல நேரம் ஃபைல் பெயரையே படிக்கும். "ஐ எம் ஜி அண்டர்ஸ்கோர் ரெண்டு பூஜ்யம் ரெண்டு நாலு..." இப்படி ஒரு பக்கத்தில் பன்னிரண்டு படம் என்றால் யோசித்துப் பாருங்கள், நான் ஸ்வீட்டே வேண்டாம் என்று எழுந்து போய்விடுவேன். ஆல்ட்டிலும் டைட்டிலிலும் ஒரே வரி இருந்தால் சில இடத்தில் ரெண்டு தரம் கேட்கும், கோயில் மைக்கில் எதிரொலி வருகிற மாதிரி. "மக்கன் பேடாவின் படம்" என்றும் எழுத வேண்டாம், படம் என்பதை ரீடரே சொல்லிவிடும்.

நல்ல ஆல்ட் எழுத ஒரு வழி: போனில் ஒருத்தருக்கு அந்தப் படத்தைச் சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். "பாதியாக வெட்டிய மக்கன் பேடா, உள்ளே முந்திரியும் திராட்சையும், சுற்றிலும் ஜீரா." இது போதும், எனக்கு நாக்கு ஊறிவிட்டது. ஸ்வீட் வாங்குவதற்காகப் பச்சை வட்டத்தில் போன் படம் வைத்திருப்பீர்களே, அதற்கு "பச்சை வட்டத்தில் போன்" என்று எழுதாதீர்கள், அழுத்தினால் என்ன நடக்குமோ அதை எழுதுங்கள்: "கடைக்கு போன் செய்ய". இன்னொன்று, பக்கத்தின் மேலே, எந்த மொழி என்று சொல்லும் லாங் என்ற இடத்தில் தமிழுக்கான டி ஏ கொடுத்திருக்கிறீர்களா? இங்கிலீஷ் என்றே விட்டிருந்தால் இங்கிலீஷ் குரல் தமிழை எடுத்துக்கொண்டு தடுமாறும்.

ஆரணி பட்டு:
எல்லோரும் டைட்டிலை இப்படி மிதிக்கிறீர்களே, ஒரு இடத்தில் அது வேண்டும். கடை வழி காட்ட கூகுள் மேப்பை ஐஃபிரேமில் (நம் பக்கத்துக்குள் வேறொரு பக்கத்தைக் காட்டும் பெட்டி) ஒட்டுவோமே, அதற்கு டைட்டில் கொடுத்தால்தான் ரீடருக்கு அது என்ன பெட்டி என்று தெரியும். படத்துக்கு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் புடவைக் கடை சைட்டில் "மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர்" என்று டைட்டிலில்தான் நிறம் எழுதியிருந்தோம், போனில் பார்த்தவர்கள் எல்லோரும் கால் பண்ணி நிறம் கேட்டார்கள். இப்போது படத்துக்குக் கீழேயே எழுத்தாகப் போட்டுவிட்டோம். எல்லோரும் பார்க்க வேண்டிய விஷயத்தை ஒளித்து வைப்பானேன்.

ஆற்காட்டான்:
ரொம்ப நன்றி. டைட்டில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், மேப்பில் மட்டும் சேர்த்தேன், டெல்லி கேட்டுக்குக் காலி. ஒரே ஒரு சந்தேகம், விலைப்பட்டியல் ஒரு போஸ்டராக இருக்கிறது, சித்தப்பா அச்சடித்து வைத்திருந்தது. அதற்கு ஆல்ட் "விலைப்பட்டியல்" போதுமா?

அகழிக்கரை:
போதாது. இருபது விலையையும் ஆல்ட்டில் திணிக்கவும் கூடாது. டேபிளாக அடித்துவிடுங்கள், அடுத்த மாதம் சர்க்கரை விலை ஏறினால் திருத்தவும் சுலபம்.

காட்பாடி ஜங்ஷன்:
சைட்டின் லிங்க்கைப் போட்டிருந்தீர்களே, போய்ப் பார்த்தேன். பேடாவுக்கு எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா இல்லையா என்று எங்கேயும் கேட்கவில்லையே?

ஆற்காட்டான்:
ஐயோ, அது கடை போர்டு போட்டோவுக்குள் இருக்கிறது சார். மதியம் வரை உண்டு. இதோ எழுத்தாகப் போடுகிறேன்.