வலி போய் ஆறு வாரம், வீக்கம் போகவில்லை

பூம்பாறையில் பூண்டு போடுகிறேன், வயது 52. தை மாத உறைபனியில் ஒரு விடியற்காலை வலது கால் கட்டைவிரல் அடிமூட்டில் தொடங்கியது. போர்வை பட்டாலே உயிர் போனது. கொடைக்கானல் போய்க் காட்டினேன், கவுட் என்றார்கள், அதாவது யூரிக் ஆசிட் உப்பு மூட்டில் படிந்து வரும் வாதம். மாத்திரையில் எட்டு நாளில் வலி அடங்கியது. தோல்கூட உரிந்துவிட்டது. ஆனால் விரலடி நெல்லிக்காய் மாதிரி உருண்டே நின்றது. காலையில் கம்பூட்டுக்குள் கால் நுழையாது. பழைய ரப்பர் செருப்பின் வாரை அறுத்துப் போட்டுக்கொண்டுதான் களை எடுத்தேன்.

வலி வந்த அன்று ரத்தத்தில் எடுத்த யூரிக் ஆசிட் 5.9 தான், அதிகமில்லை. அதை நம்பி, கவுட் இல்லை, சுளுக்குத்தான் என்று ஊரில் ஒருவரிடம் உருவிவிட்டுக்கொண்டேன். மறுநாள் பாதமே வீங்கிவிட்டது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் அளவு இறங்கிக் காட்டுமாம். மூன்று வாரம் கழித்து எடுத்தால் 8.7. ஏறக்குறைய 6.8ஐத் தாண்டினாலே உப்பு படிகமாகப் படியலாம், குளிர்ந்த விரலில் இன்னும் சுலபமாக. வலி நின்றாலும் படிகம் அங்கேயேதான் இருக்கிறது, வீக்கம் அதனால்தான் என்று டாக்டர் விளக்கினார். இப்போது யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபூரினால் மாத்திரை ஆரம்பித்திருக்கிறேன். வேறு யாருக்காவது இவ்வளவு நாள் வீக்கம் இருந்ததா?

கோத்தகிரியிலிருந்து:

எனக்கு முழங்கால், தம்பி. இரண்டு மாதம் வீங்கியே இருந்தது. காய்ச்சலும் வந்ததால் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். சீழ் இல்லை, படிகம்தான். காய்ச்சலோடு மூட்டு சிவந்து கொதித்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அப்புறம் இன்னொன்று. அலோபூரினால் ஆரம்பித்த புதிதில் எனக்கு மறுபடி வலி வந்தது. கோபத்தில் நானாக நிறுத்தினேன், அதுதான் தப்பு. படிகம் கரையும்போது அப்படி வருமாம். அந்த வலியைத் தடுக்கத்தான் கூடவே சில மாதம் கோல்சிசின் என்ற மாத்திரை கொடுக்கிறார்கள். யூரிக் ஆசிட் அளவு 6க்குக் கீழே இறங்கிய பிறகுதான் முட்டி பழையபடி தெரிந்தது.

பூம்பாறையிலிருந்து:

நல்லவேளை சொன்னீர்கள் அண்ணா, எனக்கும் கோல்சிசின் எழுதியிருக்கிறார்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் மச்சான் விதைக்காகப் போடும் கண்வலிக்கிழங்குச் செடியில் இருப்பதும் அதே மருந்துதான். அதைக் கேட்டு, கிழங்கை அரைத்துக் குடித்தால் போதுமே என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. குடித்தால் உயிரே போய்விடும், கிழங்கு முழுக்க விஷம். மாத்திரையையே டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் தொடுவதில்லை. நேற்றுத்தான் கம்பூட்டு மாட்டினேன். இன்னும் கொஞ்சம் இறுக்குகிறது.